சந்தனமாரியின் மழை

மழை வரப்போகிற வாசனை, மழையே இல்லாமல் எங்கள் அளக்கரைக்கு முதன்முதலாக வந்தது ஒரு பங்குனி மாதத்து மத்தியானத்தில். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலும் உப்பளமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கிற இடத்தில், ஒரே ஒரு தெருவாக இருக்கிற ஊர் எங்களுடையது. மேற்கே தேரிக்காடு, செம்மண் மேடு. அங்கே முதல் துளி விழுந்ததும் அந்த மண்வாசனை காற்றேறி வந்து எங்களிடம் சொல்லிவிடும், அதன் பின்னாலேயே மழை வரும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தட்டுமேட்டில் குவித்து வைத்திருக்கிற உப்பு அம்பாரங்களைக் கிடுகும் தார்ப்பாயும் போட்டு மூடியாக வேண்டும், இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் வந்த வழியே தண்ணீராகத் திரும்பிப் போய்விடும். ஆகவே மழைவாசனை வந்தால் மற்ற ஊர்க்காரர்கள் கண்ணை மூடி மூச்சை இழுப்பார்கள், நாங்கள் ஓடுவோம்.

அன்றைக்கும் ஓடினோம். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையைப் போட்டுவிட்டு ஓடினார்கள், சாப்பிட உட்கார்ந்தவர்கள் எச்சில் கையோடு ஓடினார்கள், கங்காணி பொன்பாண்டி அண்ணாச்சி வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் ஓடினார். மூடி முடித்து, வேர்த்து விறுவிறுத்து, நிமிர்ந்து பார்த்தால் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு துளி விழவில்லை. வாசனையும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிவிட்டது. சந்தனமாரி மட்டும் ஓடிவராமல், பாத்தி நடுவில் வாருபலகையைப் பிடித்தபடி எதையோ மெல்லுவது போல வாயை அசைத்துக்கொண்டு நின்றாள் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்தபிறகு அவள் வந்து, எதுக்கு மூடுதீய என்று கேட்டாள். கங்காணிக்கு வந்த கோபத்தில் வேட்டியைக் கட்டக்கூட மறந்துபோனார்.

அதன்பிறகு அந்த வாசனை அடிக்கடி வந்தது. சித்திரை வெயிலில் வந்தது, கத்திரியில் வந்தது, ஈசல்கள் ஏமாந்து புற்றைவிட்டுக் கிளம்பி வந்து வெயிலில் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றின, எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறின, உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவர்கள் பாதி லோடில் படுதாவை இழுத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். நாங்கள் ஒவ்வொரு தடவையும் ஓடினோம், ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே தார்ப்பாயை உருவினோம்.

அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தது ரோஸ்லின். தெரு முனையில் டீக்கடை வைத்திருப்பவள், சந்தனமாரிக்குப் பக்கத்து வீடு, சண்டையும் சமாதானமும் அவர்களுக்குள் சுவரைத் தாண்டியே நடக்கும். ஒருநாள் காலையில் சந்தனமாரி கடைப் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவள், கிளாஸை உதடு வரைக்கும் கொண்டுபோய் அப்படியே நிறுத்திவிட்டாள், கண் ஒரு இடத்தில் நின்றது, வாய் மென்றது, இன்னொரு கை முந்தானையைத் திருகியது, அந்த நேரத்தில் அவள் தலைவகிட்டிலிருந்து மண்வாசனை எழும்பிப் பெஞ்சை நிறைத்து, பாய்லரைச் சுற்றி, தெருவுக்குள் இறங்கி நடந்தது. கொஞ்ச நேரத்தில் சந்தனமாரி நினைவுக்குத் திரும்பி வந்தாள், பேச்ச எங்கட்டி விட்டேன் என்று கேட்டாள், மிச்ச டீயைக் குடித்தாள். ரோஸ்லின் ஆச்சரியப்படவில்லை, அவளுக்கு வடை வெந்துகொண்டிருந்தது. அடுத்து வந்தவனிடம் வடையைக் கொடுக்கும்போது, மழையெல்லாம் ஒண்ணும் வராது, அது நம்ம மாரி தலையில இருந்து வருது என்று சொல்லி அனுப்பினாள். மத்தியானத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அப்படியா, நல்லவேளை, இனி சும்மா ஓடவேண்டாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அந்த ஆடியில் அவளுக்கு ஒரு பெரிய வலிப்பு வந்து, பாத்தி வரப்பில் விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டபிறகுதான் அவள் புருஷன் லிங்கதுரை அவளை மதுரைக்குக் கூட்டிப்போனான். அவன் அளத்தில் மோட்டார் ஓட்டுகிறவன், பேசுவதற்குப் பதிலாகத் தலையை ஆட்டுகிறவன். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மங்கையர்க்கரசி என்ற டாக்டர், படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வலது காதுக்கு மேலே உள்ளே ஒரு கட்டி இருக்கிறது, மெதுவாக வளர்கிற சாதி, வாசனை தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதுதான் உங்களுக்கு மழைவாசனை காட்டுகிறது என்று சொன்னார். எங்களுக்கும் காட்டுகிறதே என்று லிங்கதுரை கேட்க நினைத்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

ஊசி போட்டுத் துளி எடுத்துப் பரிசோதித்தபிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பு தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டே இருக்கிறது, கோடிக்கணக்கான எழுத்துகளை ஒன்றுவிடாமல் எழுதுகிறது, என்றைக்கோ, இருபது வருஷத்துக்கு முன்னாலேயேகூட இருக்கலாம், ஒரே ஒரு உயிரணுவில் ஒரு எழுத்து மாறி விழுந்துவிட்டது, அந்தப் பிழையோடு அது ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, அவசரமே இல்லாமல் பெருகியிருக்கிறது. இந்தப் பிழை இருக்கிற கட்டி, இருக்கிறதில் நல்ல கட்டி, பல வருஷம் சும்மா கிடக்கும். ஆனால் காலப்போக்கில் வேறு பிழைகளும் வந்து சேரும், போதுமான அளவு சேர்ந்துவிட்டால் அதன் குணம் மாறிவிடும், பிறகு வேகம் பிடிக்கும். மகள் சுகிர்தா, எனக்கும் வருமா என்று கேட்டாள். வராதும்மா, இது விதையில் இருந்த பிழை இல்லை, நடுவில் எங்கேயோ கை தவறியது, யார் செய்த பாவமும் இல்லை என்றார் டாக்டர். சந்தனமாரி அதைக் கேட்டபிறகுதான் மூச்சு விட்டாள்.

அவளுக்கு அது உடனே புரிந்துபோனது. எங்களுக்கெல்லாம் அப்படித்தான் உப்பு விளைகிறது. கிணற்றுத் தண்ணீரைத் தெப்பம் என்கிற பெரிய தேக்கத்தில் விட்டு, அங்கிருந்து பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் வைத்திருப்போம், பார்த்தால் வெறும் தண்ணீர்தான், நாள் கணக்கில் ஒன்றுமே நடக்காது, உப்புச் செறிவை அளக்கிற டிகிரி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். இருபத்தைந்தைத் தொட்டதும் ஒரு காலையில் பாத்தி முழுக்க வெள்ளை பூத்துவிடும். அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியாது.

"அதுக்கு இப்போ எத்தன டிகிரி, டாக்டரம்மா?" என்று கேட்டாள் சந்தனமாரி.

டாக்டர் என்ன டிகிரி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார். "பத்து, பன்னெண்டுன்னு வச்சுக்கோங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ படம் எடுத்துப் பாத்துக்கிட்டே இருப்போம். ஏறுச்சுன்னா எடுத்துருவோம்."

இப்படியாக சந்தனமாரி மாத்திரையும் கையுமாக ஊருக்கு வந்தாள். மாத்திரையால் வலிப்பு நின்றது, வாசனை நிற்கவில்லை, குறைந்தது. எங்களுக்கோ இப்போது ஒரு சிக்கல். எது தேரிக்காட்டு மழை, எது மாரியின் மழை என்று மூக்கால் பிரிக்க முடியவில்லை, இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஐப்பசியில் ஒருநாள் மாரிதான் என்று மெத்தனமாக இருந்ததில் வானத்து மழையே வந்து இரண்டு அம்பாரத்தைக் கரைத்துக்கொண்டு போனது. அதன்பிறகுதான் கங்காணி ஒரு ஏற்பாடு செய்தார். சாப்பாட்டு நேரத்துக்கு அடிக்கிற தண்டவாளத் துண்டை அளத்திலிருந்து கழற்றி அவள் வீட்டு வாசல் வேம்பில் தொங்கவிட்டார். மாரிக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் ஆள் அனுப்பியாவது அதை ஒரு தட்டு தட்டவேண்டும். சத்தம் கேட்டால் அது நம்முடையது, வேலையைப் பார். சத்தம் இல்லையென்றால் வானத்துடையது, ஓடு. சாப்பாட்டு நேரத்தை அவரே தொண்டை கிழியக் கத்தி அறிவிக்கும்படி ஆனது, அதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

அப்படி எத்தனையோ வருஷம் போனது. நல்ல வருஷங்கள் அவை. சத்தம் கேட்டதும் பயம் போய்விடுவதால், நாங்களும் மற்ற ஊர்க்காரர்களைப் போலக் கண்ணை மூடி மூச்சை இழுக்கக் கற்றுக்கொண்டோம். உப்புக் காற்றில் வெடித்த உதடும் கூசிய கண்ணுமாக நிற்கிறவர்களுக்கு அந்த வாசனை எவ்வளவு சுகம் என்று சொல்லி முடியாது. குடிதண்ணீர்க் குழாயடியில் குடத்தை ஓங்கிக்கொண்டு நின்றவர்கள் அது வந்ததும் ஓங்கிய குடத்தை இறக்கினார்கள். அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் போட்டுவிட்டு, வருமாக்கா என்று காத்திருந்தார்கள். பெண் பார்க்க வருகிற வீட்டில் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், ஆனால் அது அதன் இஷ்டத்துக்குத்தான் வரும், ஒருதடவை மாப்பிள்ளை வீட்டார் எழுந்துபோனபிறகு வந்தது, அந்தக் கல்யாணம் நடக்கவும் இல்லை, நல்லதாயிற்று, பையன் சரியில்லையாம். காற்றைப் பரிசோதிக்கிற ஆள் ஒருவர் பட்டணத்திலிருந்து பாட்டில்களோடு வந்து, வாசனை வருகிற வரைக்கும் காத்திருந்து, பிடித்து மூடி எடுத்துப்போனார். அங்கே போய்த் திறந்தால் டீக்கடை வாசனை வந்ததாம். வெளியூர்க்காரர்கள் இங்கே மழை பெய்ததா என்று கேட்டால், இல்லை, எங்கள் சந்தனமாரி என்போம், அதற்குமேல் அவர்கள் கேட்டதில்லை.

அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன் என்பாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போவாள், எத்தனை டிகிரி என்பாள், ஏறவில்லை என்பார் டாக்டர், வரும்போது தெருவுக்கெல்லாம் பன்னும் பொரியும் வாங்கி வருவாள்.

பிறகு அந்த மாசி மாதம் வந்தது. காலை வேலை சூடு பிடித்த நேரம், வாசனை எழுந்தது, தண்டவாளமும் ஒலித்தது, நாங்கள் மூச்சை இழுத்தோம். இழுத்த மூச்சில் மண்வாசனைக்கு அடியில் இன்னொன்று இருந்தது, பால் அடிப்பிடித்த தீய்ந்த வாடை. ரோஸ்லின் கடைக்குள் ஓடி அடுப்பை அணைத்தாள். தெருவில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அவரவர் அடுப்படிக்கு ஓடினார்கள், அளத்தில் நின்றவர்கள்கூட, வீட்டில் யாரும் இல்லையே, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்துவிட்டோமோ என்று வரப்பில் விழுந்தடித்து ஓடிவந்தார்கள். ஒரு வீட்டிலும் பால் தீயவில்லை, பாதி வீட்டில் பாலே இல்லை. எல்லோரும் வாசலுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு எல்லோரும் வேம்படி வீட்டைப் பார்த்தோம்.

அடுத்த தடவையும் தீய்ந்த வாடை இருந்தது, அதற்கடுத்த தடவை இன்னும் கூடுதலாக இருந்தது. சந்தனமாரியிடம் யார் சொல்வது என்று எங்களுக்குள் இழுபறி, கடைசியில் ரோஸ்லின்தான் சொன்னாள். சந்தனமாரி நம்பவில்லை, உன் கடைப் பால்தான் என்றாள். படம் எடுக்க ஆவணி வரை இருக்கிறது, இப்போது உப்பு விளைகிற நேரம், அப்போது போய்க்கொள்ளலாம் என்றாள். லிங்கதுரை தலையை ஆட்டினான், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ரோஸ்லின் சுவரோரம் நின்று விடாமல் பிடித்தபிறகுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. ஆபரேசன் என்றால் என்னென்ன போகுமோ, பேச்சு போகுமோ, பிள்ளை பெயர் போகுமோ என்ற பயம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று.

"அத எடுத்துட்டா மழ வாசன வராதுல்லா ரோசு. இந்தத் தெருவுக்கு நான் குடுத்தது அது ஒண்ணுதானட்டி."

ரோஸ்லின் சுவரைத் தாண்டிவந்து அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "மழ வாசன எங்களுக்கு எதுக்குட்டி? எங்களுக்கு நீ இரி."

மறுநாள் காலையில் உப்பு ஏற்றுகிற வண்டியைக் கழுவி, அதில் சந்தனமாரியை ஏற்றினோம், பின்னாலேயே தெருவில் பாதி ஏறிக்கொண்டது. வேலை நேரத்தில் எங்கே போகிறீர்கள் என்று கேட்க வந்த கங்காணியும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாங்கள் நின்ற நிலையைப் பார்த்துக் காவல்காரர் ஏதோ பேருந்து விபத்து என்று நினைத்துக்கொண்டார். வாசனை மாறிவிட்டது என்று நாங்கள் ஆளாளுக்குச் சொன்னதை மங்கையர்க்கரசி டாக்டர் கேட்டுக்கொண்டார். வாசனையை எல்லாம் எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது, இத்தனை பேருக்கு ஒரே மாதிரி தோன்றுவது வேறு விஷயம் என்றார். ஆனாலும் நல்ல மனுஷி, வந்தது வந்தாயிற்று, படத்தை எடுத்துவிடலாம் என்று உள்ளே அனுப்பினார்.

வெளியே வந்தபோது அவர் எங்களை ஒருமாதிரி பார்த்தார். கட்டியின் ஒரு மூலையில் மட்டும், போன தடவை இல்லாத வெளுப்பு, பாத்தி ஓரத்தில் முதல் உப்பு பூத்தது போல இருந்தது. ஆவணி வரை விட்டிருந்தால் அது மூலையாக இருந்திருக்காது.

"இப்போ எத்தன டிகிரி?" என்றாள் சந்தனமாரி.

டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இருபத்தி மூணு. பூக்குறதுக்குள்ள வாரிரலாம்."

லிங்கதுரையையும் சுகிர்தாவையும் அவளோடு விட்டுவிட்டு நாங்கள் ஊர் திரும்பினோம். ஆபரேசனை அவள் விழித்திருக்கும்போதே செய்தார்கள், எதைத் தொட்டால் எது போகும் என்று தெரிந்துகொள்வதற்காக. பேசிக்கொண்டே இருங்கள் என்றாராம் டாக்டர். சந்தனமாரி ஊரில் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள், யார் வீடு, யாருக்கு எத்தனை பிள்ளை, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது வரைக்கும், அங்கிருந்த நர்சுகளுக்கு இன்றைக்கும் எங்கள் தெரு அத்துப்படி. அவள் பேச்சு கங்காணி வீட்டுக்கு வந்தபோது டாக்டர் ஒரு இடத்தைத் தொட்டார், அவ்வளவுதான், ஜன்னலே இல்லாத அந்த அறைக்குள் மழைவாசனை எழுந்தது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். டாக்டர் மட்டும் கையை அசைக்காமல் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார்.

அதே நேரத்தில் அது இங்கேயும் வந்தது. அத்தனை தொலைவு எப்படி வந்தது என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது, அதற்கு வழி தெரிந்திருக்கிறது, வந்தது. அளத்தில் எல்லோரும் கையிலிருந்ததை வைத்துவிட்டு நின்றோம். லிங்கதுரையும் மகளும் மதுரையில், வேம்படியில் தட்டுவதற்கு ஆளில்லை. அப்போது பொன்பாண்டி கங்காணி, அந்த ஒரு மதுரைப் பயணம் தவிர வாழ்நாளில் பாத்தியைவிட்டு வேலை நேரத்தில் நகராதவர், வரப்பு வழியே மெதுவாக நடந்துபோய் அந்தத் தண்டவாளத்தைத் தட்டினார். ஒரு தட்டு போதும், அவர் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். வாசனை முதலில் தீய்ந்து வந்தது, பிறகு தீய்ச்சல் குறைந்தது, பிறகு அந்தப் பழைய சுத்தமான மண்வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அதுவும் போனது. சாயங்காலம் சுகிர்தா போன் செய்து, அம்மா பேசிட்டா, எல்லார் பேரையும் சொல்லிட்டா என்று சொன்னபிறகுதான் தெருவில் அடுப்பு எரிந்தது.

முழுசாக எடுத்துவிட்டீர்களா என்று லிங்கதுரை வாயைத் திறந்தே கேட்டானாம். இதில் முழுசு என்று எதுவும் இல்லை, கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்திருக்கிறோம், தெரியாதது கொஞ்சம் இருக்கும், மருந்து இருக்கிறது, பார்த்துக்கொண்டே இருப்போம், நல்ல வருஷங்கள் நிறைய இருக்கின்றன என்றார் டாக்டர். சந்தனமாரி மொட்டைத் தலையும் காதுக்குமேல் வளைந்த தழும்புமாக வந்து இறங்கினாள். எல்லாம் இருந்தது, மூக்கு மட்டும் வேலை செய்யவில்லை, கருவாடும் மல்லிகையும் அவளுக்கு ஒன்றுதான், மெல்லத் திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். வெயில் காலம் முழுவதும் வாசனை வரவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. குழாயடியில் குடங்கள் மறுபடி உயர்ந்தன, அதையும் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

புரட்டாசியில், தட்டுமேட்டில் அந்த வருஷத்து உப்பெல்லாம் குவிந்து கிடந்த ஒரு பிற்பகலில், வாசனை வந்தது.

எல்லோரும் நிமிர்ந்தோம். காதைக் கொடுத்துக் கேட்டோம். தண்டவாளச் சத்தம் இல்லை. சத்தம் இல்லையென்றால் வானத்துடையது, ஓடு, மூடு, அதுதான் நாங்களே வைத்த சட்டம், தார்ப்பாயும் பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் லிங்கதுரை எங்களோடு பாத்தியில் நின்றான், மகள் தூத்துக்குடிக்குப் போயிருந்தாள், சந்தனமாரி வீட்டில் தனியாக இருந்தாள், தட்டுவதற்கு ஆள் இல்லாமல் இருக்கலாம், அவள் விழுந்து கிடக்கலாம். முதலில் லிங்கதுரை ஓடினான். பிறகு யார் ஓடினார்கள் என்று தெரியாது, எல்லோரும் ஓடினோம், ஒருவர்கூட அம்பாரத்தின் பக்கம் திரும்பவில்லை, ரோஸ்லின் பாய்லரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள், கங்காணி வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியாக ஓடிவந்தார்.

சந்தனமாரி வேம்படியில் முறத்தோடு நின்றுகொண்டிருந்தாள். இத்தனை பேர் மூச்சிரைக்க வந்து நிற்பதைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள், அவள் முகம் வெளுத்துவிட்டது.

"வருதா?" என்று கேட்டாள். "எனக்கு மூக்கு தெரியலய. எங்கிட்ட இருந்தா வருது?"

ரோஸ்லின் கிட்டே போய் அவள் தலையில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தாள், அழுகையில் அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. அப்போது சந்தனமாரி சட்டென்று கையைத் தூக்கிக் காதுக்குமேல் தொட்டாள். புதுமுடி முள்முள்ளாக முளைத்துக்கொண்டிருந்த அந்தத் தழும்பின்மேல் ஏதோ விழுந்திருந்தது. விரலைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள், நக்கிப் பார்த்தாள், உப்பில்லை. இன்னொன்று அவள் மூக்கின்மேல் விழுந்தது, அடுத்தது லிங்கதுரையின் தோளில்.

"என்னுது இல்ல," என்றாள் சந்தனமாரி. "வானத்தோடது."

பிறகு கொட்டியது. தட்டுமேட்டில் வெள்ளை வெள்ளையாக நின்ற அம்பாரங்கள் எல்லாம் எங்கள் கண் முன்னாலேயே தோள் சரிந்து, இடுப்பு சரிந்து, வாய்க்காலில் இறங்கிக் கடலுக்குப் போயின. கங்காணி அதைப் பார்த்தார், பிறகு சந்தனமாரியைப் பார்த்தார், போனா போவுது என்று சொல்லிவிட்டு ஈர வேட்டியைப் பிழியத் தொடங்கினார். லிங்கதுரை அத்தனை பேர் முன்னாலும் அழுதான். வாசனை எப்படி இருக்கிறது, சொல்லுங்க என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னோம், வீட்டுக்குள் போக யாருக்கும் தோன்றவில்லை.